ஸ்க்விட் ப்ராக்ஸி: பதில் தராத தளங்களுக்கு எந்த டைம்அவுட்டைக் குறைப்பது?

பின்கட்டு (கேள்வி)

வணக்கம். உபுண்டு 20.04, அதோடு வந்த ஸ்க்விட் 4.10 (உள்வலைக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் ப்ராக்ஸி மென்பொருள்). உள்ளே 150 கணினிகள். வெளியே போக ப்ராக்ஸியைத் தவிர வேறு வழி கிடையாது. எஸ்எஸ்எல் பம்ப் (என்க்ரிப்ட் ஆன தரவை ப்ராக்ஸியிலேயே பிரித்துப் பார்ப்பது) செய்யவில்லை, எச்டிடிபிஎஸ் முழுக்க கனெக்ட் டனலாகவே, அதாவது ப்ராக்ஸி உள்ளே பார்க்காத குழாயாகவே, போகிறது. மேலே பேரன்ட் ப்ராக்ஸி எதுவும் இல்லை.

ஏதாவது ஒரு தளம் படுத்துவிட்டால் அதைத் திறந்தவருக்கு அந்தப் பக்கம் மட்டும் நிற்பதில்லை. மற்ற டேப்களும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஆக்சஸ் லாகின் இரண்டாவது பத்தியில், அதாவது மில்லி செகண்ட் கணக்கில், திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை இவை:

– 60,000-ஐ ஒட்டி, 503
– 240,000-ஐ ஒட்டி, 503
– 900,000-ஐ ஒட்டி, டிசிபி_மிஸ்/504
– டிசிபி_டனல்/200, அளவு வெறும் 39 பைட், நேரம் 30,000 முதல் 300,000 வரை எப்படி வேண்டுமானாலும்
– ஒழுங்காக வேலை செய்யும் தளங்களிலும் அவ்வப்போது 5,000 கூடுதல்

ரிக்வெஸ்ட்_டைம்அவுட்டை 5 நிமிடத்திலிருந்து 30 விநாடிக்குக் குறைத்துப் பார்த்தாயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. அடுத்து ரீட்_டைம்அவுட்டை 30 விநாடி ஆக்கலாமா என்று யோசனை. ஆனால் கணக்குப் பிரிவு பயன்படுத்தும் ஓர் அறிக்கைத் தளம், வெறும் எச்டிடிபி, ரிப்போர்ட் தயாரிக்க 3, 4 நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதுவரை ஒரு பைட்கூட அனுப்பாது. அது உடையக் கூடாது. எதை எவ்வளவு வைப்பது?

---

லாக்வாசி

முதலில் ரிக்வெஸ்ட்_டைம்அவுட்டைப் பழையபடி 5 நிமிடத்துக்கே கொண்டுபோய் விடுங்கள். பெயரைப் பார்த்து எல்லாரும் கை வைப்பது அதில்தான், ஆனால் அது தளத்தோடு சம்பந்தப்பட்டதே இல்லை. பிரவுசர் ஸ்க்விட்டோடு இணைந்த பிறகு, கோரிக்கையின் தலைப்பு வரிகள் முழுதாக வந்து சேர எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கான கடிகாரம் அது. தளம் செத்துக் கிடந்தாலும் உயிரோடிருந்தாலும் அதற்குத் தெரியாது.

(இங்கே கட்டளைப் பெயர்களை ஒலிப்படி எழுதுகிறேன். கோப்பில் ஆங்கிலச் சிறிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.)

உங்கள் லாகே எந்தக் கடிகாரம் ஓடி முடிந்தது என்று சொல்லிவிடுகிறது. எண்கள் இவ்வளவு உருண்டையாக வந்தால் அது தளத்தின் வேகம் இல்லை, ஸ்க்விட்டின் டீஃபால்ட் மதிப்பு.

60,000 என்பது கனெக்ட்_டைம்அவுட். டீஃபால்ட் 1 நிமிடம். சர்வருக்கு சின் பாக்கெட் (இணைப்பு கேட்கும் முதல் செய்தி) போகிறது, பதில் சின்-ஆக் வரவில்லை. எரர் பக்கத்தில் 110 என்ற எண்ணோடு "கனெக்ஷன் டைம்டு அவுட்" என்று வரும். 111 என்றால் கதை வேறு: அந்த இயந்திரம் உயிரோடு இருந்து "போர்ட் மூடியிருக்கிறது" என்று உடனே சொல்லிவிட்டது. 111 ஒருபோதும் உங்களைக் காக்க வைக்காது.

240,000 என்பது ஃபார்வர்ட்_டைம்அவுட், டீஃபால்ட் 4 நிமிடம். ஒரு தளத்துக்கு டிஎன்எஸ்ஸில் நான்கைந்து ஐபி முகவரிகள் இருந்து அத்தனையும் ஊமையாக இருந்தால், 4.x ஸ்க்விட் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் முயலும். முகவரிக்கு 60 விநாடி. நான்காவது முடியும்போது 4 நிமிட வரம்பு வந்து வெட்டும்.

900,000 என்பது ரீட்_டைம்அவுட், 15 நிமிடம். இணைப்பு கிடைத்தது, கோரிக்கையும் போய்ச் சேர்ந்தது, பதில் மட்டும் வரவில்லை. இந்த வரிகள் லாகில் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் 15 நிமிடம் பொறுமையாக உட்காருபவர் யாரும் இல்லை. அவர்கள் ஸ்டாப்பை அழுத்தியிருந்தால் டிசிபி_மிஸ்_அபார்டட்/000 என்று பதிவாகியிருக்கும். அந்த வரிகளையும் தேடுங்கள். 000-வில் 30,000, 40,000 என்று குவிந்திருந்தால் உண்மையான பாதிப்பு அங்கேதான் இருக்கிறது.

39 பைட் என்பது ஸ்க்விட்டே பிரவுசருக்கு அனுப்பும் "எச்டிடிபி/1.1 200 கனெக்ஷன் எஸ்டாப்லிஷ்ட்" என்ற வரியும் அதன் பின்னான வெற்று வரியும். எண்ணிப் பார்த்தால் சரியாக 39. அதாவது டனல் திறந்தது, சர்வரிடமிருந்து ஒரு பைட்கூட வரவில்லை. என்க்ரிப்ஷனைத் தொடங்கும் முதல் செய்தியான டிஎல்எஸ் ஹலோவுக்கே பதில் இல்லை. முன்னால் இருக்கும் லோட் பேலன்சரோ ஃபயர்வாலோ இணைப்பை ஏற்றுக்கொண்டு, பின்னால் உள்ள சர்வர் தூங்கினால் இப்படி ஆகும். ஆனால் எல்லா 39-ம் கோளாறு அல்ல: பிரவுசர்கள் தேவைப்படலாம் என்று முன்கூட்டியே இணைப்பைத் திறந்து வைத்து, பயன்படுத்தாமலே மூடுவதும் உண்டு. ஒரே தளத்துக்கு வரிசையாக வந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

நான் வைக்கச் சொல்லும் மதிப்புகள்:

கனெக்ட்_டைம்அவுட் 10 செகண்ட்ஸ்
ஃபார்வர்ட்_டைம்அவுட் 30 செகண்ட்ஸ்
ரீட்_டைம்அவுட் 6 மினிட்ஸ்
டிஎன்எஸ்_டைம்அவுட் 10 செகண்ட்ஸ்

அலகை விடாமல் எழுதுங்கள். வெறும் எண் போட்டால் ஸ்க்விட் தானாக ஓர் அலகை ஊகித்துக்கொண்டு எச்சரிக்கை ஒன்றை மட்டும் விடும்.

10 ஏன், 5 ஏன் இல்லை என்று கேட்பீர்கள். உங்கள் கெர்னலில் சின் பாக்கெட் தொலைந்தால் மறுபடி அனுப்பும் இடைவெளி 1, 2, 4, 8 விநாடி என்று இரட்டிக்கிறது. ஆக சின் கிளம்பும் நேரங்கள்: 0, 1, 3, 7, 15, 31, 63. கனெக்ட்_டைம்அவுட் 5 என்றால் மூன்று முயற்சிதான். 10 என்றால் நான்கு, அதிலும் நான்காவதற்குப் பதில் வர 3 விநாடி இருக்கிறது. 10-ஐ 14 ஆக்கினால் கூடுதல் சின் எதுவும் போகாது, காத்திருப்பு மட்டும் கூடும். கூட்டுவதென்றால் 17-க்குத் தாண்டுங்கள். நான்கு சின்னுக்கும் வாய் திறக்காத சர்வர் ஐந்தாவதற்குத் திறப்பது அபூர்வம். (கெர்னல் 6.5 முதல் இந்த வரிசை மாறிவிட்டது. தொடக்கத்தில் சில முறை 1 விநாடி இடைவெளியிலேயே போகும். 20.04-இல் அது வராது.)

---

ரூட்டர்ராசு

இவ்வளவு எதுக்கு? ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட் 60, ப்ராக்ஸி_கனெக்ட்_டைம்அவுட் 10ன்னு ரெண்டு வரி போட்டா முடிஞ்சுதே. நாங்க அப்படித்தான் வெச்சிருக்கோம்.

---

மணிக்கூண்டு

ராசு, நீங்க சொல்றது என்ஜின்எக்ஸ் கட்டளைங்க. அதை ஸ்க்விட் கோப்புல போட்டா பார்ஸ் பண்ணும்போதே தெரியாத கட்டளைன்னு கத்தும். தவிர அது ரிவர்ஸ் ப்ராக்ஸி: பின்னால இருக்கிற சர்வர் நம்மளோடது, அது எவ்வளவு நேரத்துல பதில் சொல்லும்னு நமக்குத் தெரியும், அதனால 60 வெக்கலாம். இங்கே வெளியே இருக்கிற உலகம் மொத்தத்துக்கும் ஒரே எண்ணை வெக்கணும். ரெண்டும் ஒண்ணு கிடையாது.

பின்கட்டு, ரீட்_டைம்அவுட்டை 30 விநாடி ஆக்கிடாதீங்க. அறிக்கைத் தளம் மட்டும் காரணம்னு நினைக்காதீங்க. அந்தக் கடிகாரம் மொத்தப் பதிவிறக்க நேரத்தை அளக்கிறது இல்லை. கடைசியா ஒரு துண்டு டேட்டா வந்ததிலிருந்து எண்ணும், அடுத்த துண்டு வந்தவுடனே மறுபடி பூஜ்யத்துலேர்ந்து தொடங்கும். அதனால 4 ஜிபி ஐஎஸ்ஓ மெதுவா இறங்கினாலும் ஒண்ணும் ஆகாது. அடி வாங்குறது சும்மா இருக்கிற இணைப்புகள். கனெக்ட் டனலுக்கும் இதே ரீட்_டைம்அவுட்தான். ரெண்டு பக்கமும் பேச்சில்லாம 30 விநாடி போச்சுன்னா டனல் அறுந்துடும்.

என்னென்ன சாகும்னா: பிங் இடைவெளி 30 விநாடிக்கு மேல வெச்சிருக்கிற வெப்சாக்கெட்டுகள், லாங் போலிங் பண்ற சாட் பக்கங்கள், ஹெல்ப்டெஸ்க் டேஷ்போர்டுகள். பயனாளிக்கு "இணைப்பு துண்டிக்கப்பட்டது, மீண்டும் இணைகிறது"ன்னு அரை நிமிஷத்துக்கு ஒருதரம் வரும். எச்டிடிபிஎஸ்-ல இன்னொரு சங்கடம்: டனல் திறந்த பிறகு ஸ்க்விட்டால 504 பக்கம் காட்டவே முடியாது. உள்ளே போறது என்க்ரிப்ட் ஆன தரவு. அதுக்கு நடுவுல எரர் பக்கத்தை எங்கே சொருகுறது? இணைப்பை மூடத்தான் முடியும். பயனாளி பார்க்கிறது வெறும் "கனெக்ஷன் ரீசெட்" மாதிரி ஒண்ணு, குறை சொல்றது உங்களை.

993-வது போர்ட்டைத் திறந்து மெயில் கிளையன்டையும் ப்ராக்ஸி வழியா விட்டிருந்தா இன்னும் கவனம். ஐமேப் ஐடில் பண்ற (புது மெயிலுக்காக இணைப்பைத் திறந்தே வெச்சுக் காத்திருக்கிற) கிளையன்ட் 29 நிமிஷத்துக்கு ஒருதரம் புதுப்பிச்சா போதும்ங்கிறது அந்த நெறிமுறையோட கணக்கு. டீஃபால்ட் 15 நிமிஷமே அதுக்குப் பத்தாது.

என் கருத்து: ரீட்_டைம்அவுட்டை 6 நிமிஷம் ஆக்குறதுக்கும் அவசரம் இல்லை. முதல்ல கனெக்ட், ஃபார்வர்ட், டிஎன்எஸ் மூணை மட்டும் மாத்துங்க. ஒரு வாரம் லாகைப் பாருங்க. புகார்ல முக்கால்வாசி அங்கேயே அடங்கிடும்.

---

பின்கட்டு

மூன்றையும் மாற்றியாயிற்று. 60,000, 240,000 இரண்டும் மறைந்து இப்போது 10,000, 30,000 என்று வருகின்றன. நன்றி. மூன்று சந்தேகங்கள் பாக்கி.

1. மற்ற டேப்கள் ஏன் நிற்கின்றன? ஸ்க்விட் ஒரு கோரிக்கைக்காக மற்றவற்றை நிறுத்திவைக்காதே.
2. அந்த 5,000 இன்னும் வருகிறது.
3. அறிக்கைத் தளத்துக்கு மட்டும் நீண்ட ரீட்_டைம்அவுட், மற்றவற்றுக்கு 1 நிமிடம் என்று ஏசிஎல் (எந்தக் கோரிக்கைக்கு எந்த விதி என்று பிரிக்கும் பட்டியல்) வைத்துப் பிரிக்க முடியுமா?

---

லாக்வாசி

1. நிறுத்திவைப்பது ஸ்க்விட் இல்லை, பிரவுசர். ப்ராக்ஸி இல்லாதபோது குரோம் ஒரு தளத்துக்கு 6 இணைப்பு வரை திறக்கும், தளங்கள் தனித்தனி. ப்ராக்ஸி வைத்தால் அதற்கு மேல் இன்னொரு வரம்பு வந்து சேர்கிறது: அந்த ப்ராக்ஸிக்கு மொத்தமாக 32 இணைப்பு. எல்லா டேப்பும் எல்லாத் தளமும் இந்த 32-க்குள்தான். ஃபயர்ஃபாக்ஸிலும் இதே எண்தான் டீஃபால்ட். ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் அதோடு பத்திருபது விளம்பர, கணக்கெடுப்புத் தளங்கள் வரும். அதில் நாலைந்து ஊமையாக இருந்தால், ஒவ்வொன்றும் சில இணைப்புகளை ஒரு நிமிடம் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படி இரண்டு மூன்று டேப் திறந்தால் 32-ம் தீர்ந்தது. அதன் பிறகு நல்ல தளத்துக்கான கோரிக்கை ஸ்க்விட்டுக்கு வந்தே சேராது. பிரவுசருக்குள் வரிசையில் நிற்கும். லாகில் அதற்குத் தடயமும் இருக்காது. "தளம் மெதுவாக வருகிறது என்கிறார்கள், லாகில் 200 மில்லி செகண்ட் என்று இருக்கிறதே" என்று குழம்புவது இதனால்தான்.

குரோமில் மேக்ஸ்கனெக்ஷன்ஸ்பெர்ப்ராக்ஸி என்ற பாலிசி இருக்கிறது, 99 வரை ஏற்றலாம். ஏற்றும் முன் ஸ்க்விட்டின் ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்திருக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் கோப்புக்கும் கெர்னல் தரும் எண்) கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு டனலும் இரண்டு டிஸ்கிரிப்டர் தின்னும், கிளையன்ட் பக்கம் ஒன்று, சர்வர் பக்கம் ஒன்று. 150 கணினி, ஆளுக்கு 32, இரண்டால் பெருக்கினால் 9,600. கேஷ் லாகில் ஸ்க்விட் தொடங்கும்போது எத்தனை ஃபைல் டிஸ்கிரிப்டர் கிடைத்தது என்று ஒரு வரி எழுதும். அங்கே 1024 என்று இருந்தால் மேக்ஸ்_ஃபைல்டிஸ்கிரிப்டர்ஸ் மதிப்பையும் சிஸ்டம்டி யூனிட்டின் லிமிட்நோஃபைலையும் சேர்த்து ஏற்றுங்கள். ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டு வருபவர்கள் நிறைய.

ஆனால் 32-ஐ ஏற்றுவதைவிட, காத்திருப்பைக் குறைப்பதே மருந்து. 60 விநாடியை 10 ஆக்கினீர்கள். ஊமைத் தளம் பிடித்து வைத்திருக்கும் நேரம் ஆறில் ஒரு பங்காகிவிட்டது.

2. 5,000 என்றால் டிஎன்எஸ். டிஎன்எஸ்_ரீட்ரான்ஸ்மிட்_இன்டர்வல் டீஃபால்ட் 5 விநாடி. ஸ்க்விட் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் உள்ள முதல் நேம்சர்வரைக் கேட்கிறது, 5 விநாடியில் பதில் இல்லை, இரண்டாவதைக் கேட்கிறது, உடனே கிடைத்துவிடுகிறது. தளமும் திறந்துவிடுகிறது, 5 விநாடி தாமதத்தோடு. கிடைத்த பதில் ஐபி கேஷில் இருக்கும்வரை தாமதம் வராது, அதனால்தான் "அவ்வப்போது". முதல் நேம்சர்வரை டிக் என்ற டிஎன்எஸ் கருவி கொண்டு இருபது முப்பது முறை தனியாகக் கேட்டுப் பாருங்கள். இடையிடையே விழுங்கினால் அதை வரிசையிலிருந்து எடுங்கள், அல்லது டிஎன்எஸ்_நேம்சர்வர்ஸ் கட்டளையில் நல்லதை மட்டும் கொடுங்கள். இன்டர்வலை 2 விநாடி ஆக்கலாம். ஆனால் செத்த நேம்சர்வரை வரிசையில் விட்டுவைத்து இதைச் செய்வது ஒட்டுப் போடுவதுதான்.

இதன் இன்னொரு முகம்: 4.x ஸ்க்விட் ஏ (ஐபிவி4 முகவரி), குவாட்-ஏ (ஐபிவி6 முகவரி) இரண்டு கேள்வியையும் அனுப்பி, இரண்டுக்கும் பதில் வரக் காத்திருக்கும். சில தளங்களின் டிஎன்எஸ் சர்வர்கள் குவாட்-ஏ கேள்விக்கு "இல்லை" என்றுகூடச் சொல்லாமல் தூக்கிப் போட்டுவிடும். அப்போது டிஎன்எஸ்_டைம்அவுட் முழுதும் ஓடும். டீஃபால்ட் 30 விநாடி, நீங்கள் இப்போது 10 வைத்திருக்கிறீர்கள்.

மூன்றாவதை மணிக்கூண்டு சொல்லட்டும்.

---

மணிக்கூண்டு

3. முடியாதுங்க. ரீட்_டைம்அவுட், கனெக்ட்_டைம்அவுட் எதுக்கும் ஏசிஎல் கிடையாது. ஒரு ப்ராசஸுக்கு ஒரே மதிப்பு.

சுத்து வழி இருக்கு: இன்னொரு ஸ்க்விட்டை அதே மெஷின்ல 3129-ல ஓட்டுறது. தனி கான்ஃபிக் கோப்பு, தனி பிட் கோப்பு, தனி லாக், கேஷ் வேண்டாம். கமாண்ட் வரியில மைனஸ் என் போட்டு வேற சர்வீஸ் பெயர் கொடுக்கணும். இல்லேன்னா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மிதிக்கும். பிறகு ரெண்டு விதமா இணைக்கலாம்.

ஏற்கெனவே பேக் கோப்பு (எந்தத் தளத்துக்கு எந்த ப்ராக்ஸின்னு பிரவுசருக்குச் சொல்ற சின்ன ஸ்கிரிப்ட்) வழியா பிரவுசருக்கு ப்ராக்ஸி கொடுக்கிறீங்கன்னா வேலை சுலபம்: அறிக்கைத் தளத்துக்கு 3129, மத்ததுக்கு 3128ன்னு ஒரு இஃப் போட்டா போதும். 3129-ல ரீட்_டைம்அவுட் 10 நிமிஷம், 3128-ல உங்க இஷ்டம்.

பேக் கோப்பு இல்லேன்னா கேஷ்_பியர், அதாவது ஒரு ஸ்க்விட்டை இன்னொரு ஸ்க்விட் வழியா அனுப்ப வைக்கிற கட்டளை. இங்கேதான் பலர் தலைகீழா செய்வாங்க. முன்னால இருக்கிற ஸ்க்விட்டுல 1 நிமிஷம் வெச்சுட்டு, பின்னால இருக்கிறதுல 10 நிமிஷம் வெச்சா எந்தப் பலனும் இல்லை. முன்னால இருக்கிறவனுக்குப் பின்னால இருக்கிறவனும் ஒரு சர்வர்தானே. 1 நிமிஷம் பேச்சில்லேன்னா 504 சொல்லிட்டுப் போயிடுவான். அதனால முன்னால நீளமான டைம்அவுட், பின்னால குறுகலானது. அறிக்கைத் தளம் நேரா வெளியே போகணும். மத்த எல்லாம் பின்னால இருக்கிற குறுகிய ஸ்க்விட் வழியா போகணும். அதுக்கு நெவர்_டைரக்ட் போடணும், இல்லேன்னா முன்னால இருக்கிறது நேராவே போயிடும். யூனிக்_ஹோஸ்ட்நேம் ரெண்டுலயும் வேற வேற வைங்க. ஒரே பெயர்னா "ஃபார்வர்டிங் லூப்"னு கேஷ் லாக்ல எச்சரிக்கை வந்து கோரிக்கை நின்னுடும்.

உங்களுக்கு இதெல்லாம் தேவையான்னு கேட்டா, எனக்குத் தோணலை. ஒரே ஒரு தளத்துக்காக ரெண்டு ப்ராசஸைப் பராமரிக்கிறதைவிட ரீட்_டைம்அவுட்டை எல்லாருக்கும் 6 நிமிஷம்னு விட்டுடறது மேல். ரீட்_டைம்அவுட்ல மாட்டுற தளம் கனெக்ட்ல மாட்டுறதைவிடக் குறைவு. உங்க லாக்லயே அது தெரியுது.

---

சுவடி

ஒன்றை யாரும் சொல்லவில்லை. எந்தெந்தத் தளம் நிரந்தரமாகச் செத்தது என்று லாகிலிருந்து தெரிந்துவிட்ட பிறகு, ஒவ்வொரு முறையும் அதற்காக 10 விநாடி காத்திருப்பது வீண். மூடிப்போன விளம்பர நிறுவனத்தின் டொமைன், பழைய மென்பொருள் அப்டேட் தேடும் முகவரி, இந்த மாதிரி பத்துப் பதினைந்து எப்போதும் இருக்கும். அவற்றை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி டிஎஸ்டிடொமைன் ஏசிஎல் ஆக்கி, எச்டிடிபி_ஆக்சஸ் டினை போடுங்கள். அந்த டினை வரி, உள்வலையை அனுமதிக்கும் அலவ் வரிக்கு மேலே இருக்க வேண்டும். கீழே போட்டால் ஒருபோதும் எட்டாது. பிரவுசருக்கு உடனே 403 கிடைக்கும், பிடித்து வைத்த இணைப்பை விடும்.

டொமைனுக்கு முன்னால் புள்ளி வைத்தால் அதன் உட்டொமைன்கள் எல்லாம் அடங்கும். புள்ளி வைத்த டொமைனையும் அதன் உட்டொமைனையும் ஒரே கோப்பில் சேர்த்து எழுதாதீர்கள். பார்ஸ் செய்யும்போது ஒன்று மற்றொன்றில் அடங்குகிறது என்று தகராறு செய்யும்.

டினை_இன்ஃபோவில் டிசிபி_ரீசெட் போட்டு இணைப்பை அறுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம் என்பேன். 403 என்பது ப்ராக்ஸி நல்ல நிலையில் இருந்து சொன்ன பதில். ரீசெட் வந்தால் ப்ராக்ஸியே கெட்டுவிட்டது என்று பிரவுசர் கருதக்கூடும்.

ஐபிவி6-ஐயும் ஒரு பார்வை பாருங்கள். 30,000 வரிகளில் தெரிந்த பெரிய தளங்கள் இருந்தால் சந்தேகம் அங்கே போக வேண்டும். ப்ராக்ஸி இயந்திரத்துக்கு ஐபிவி6 டீஃபால்ட் ரூட்டே இல்லை என்றால் தொல்லை இல்லை, 101 "நெட்வொர்க் அன்ரீச்சபிள்" என்று அந்த நொடியே தெரிந்து ஐபிவி4-க்குப் போய்விடும். தொல்லை, ரூட்டர் ஐபிவி6 ரூட்டை விளம்பரப்படுத்திக்கொண்டு, வெளியே அதற்குப் பாதை இல்லாமல் இருப்பது. அப்போது சின் பாக்கெட் வெற்றிடத்தில் போகும், ஒவ்வொரு குவாட்-ஏ முகவரிக்கும் 10 விநாடி. சரியான வைத்தியம் அந்த ரூட்டைச் சரிசெய்வது. அதுவரை 4.x-இல் டிஎன்எஸ்_வி4_ஃபர்ஸ்ட் ஆன் என்று வைத்தால் ஐபிவி4 முகவரிகளை முதலில் முயலும். அது வரிசையை மட்டும்தான் மாற்றும். குவாட்-ஏ கேள்வியை நிறுத்தாது, ஆகவே லாக்வாசி சொன்ன டிஎன்எஸ் தாமதத்துக்கு இது மருந்தில்லை. ஸ்க்விட் 5-இல் இந்தக் கட்டளையை எடுத்துவிட்டார்கள். அங்கே முதல் முகவரி 250 மில்லி செகண்டுக்குள் இணையாவிட்டால் மற்றக் குடும்பத்து முகவரியையும் இணையாக முயலத் தொடங்கும். மேம்படுத்தும்போது அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

---

பின்கட்டு

ரூட்டரைப் பார்த்தாயிற்று, ஐபிவி6 ரூட்டை விளம்பரம் செய்துகொண்டுதான் இருந்தது. நிறுத்தியாயிற்று. நேம்சர்வர் வரிசையும் மாறியாயிற்று. இந்த மதிப்புகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா என்று, ஏதாவது தளம் சாகும்வரை காத்திருக்காமல் சோதிக்க வழி உண்டா?

---

லாக்வாசி

உள்வலையில் இன்னொரு லினக்ஸ் இயந்திரம் போதும். ப்ராக்ஸி இயந்திரத்திலேயே செய்யாதீர்கள். லோக்கல்ஹோஸ்டுக்குப் போகத் தடை வைத்திருந்தால் 403 வந்து சோதனை பாழாகும்.

கனெக்ட் சோதனை: அந்த இயந்திரத்தின் ஐபிடேபிள்ஸ் இன்புட் சங்கிலியில் டிசிபி 8081-க்கு டிராப் விதி ஒன்றைச் சேருங்கள். டிராப்தான், ரிஜெக்ட் இல்லை. ரிஜெக்ட் போட்டால் உடனே 111 வந்துவிடும், எந்தக் கடிகாரமும் ஓடாது. இந்தத் தவறைச் செய்துவிட்டு "டைம்அவுட் 0 விநாடியில் வேலை செய்கிறது" என்று மகிழ்பவர்கள் உண்டு.

ரீட் சோதனை: அதே இயந்திரத்தில் நெட்கேட்டை 8082-இல் கேட்கும் நிலையில் விடுங்கள், தொடர்ந்து கேட்கும் கொடியோடு. இணைப்பை ஏற்கும், கோரிக்கையைத் திரையில் காட்டும், பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும். ஊமை சர்வருக்கு இதைவிட நல்ல நகல் கிடையாது.

பிறகு உங்கள் கணினியிலிருந்து கர்லை மைனஸ் எக்ஸ் போட்டு ப்ராக்ஸி வழியாக ஒவ்வொரு போர்ட்டுக்கும் அனுப்பி, மைனஸ் டபிள்யூ கொண்டு எச்டிடிபி கோடையும் மொத்த நேரத்தையும் அச்சிடச் சொல்லுங்கள். 8081-க்கு 503, 10 விநாடி. ஒரே முகவரி என்பதால் ஃபார்வர்ட்_டைம்அவுட் வரை போகாது. 8082-க்கு 504, ரீட்_டைம்அவுட் எவ்வளவோ அவ்வளவு. எச்டிடிபிஎஸ் முகவரியாகக் கொடுத்தால் 8081-இல் கனெக்ட் கோரிக்கைக்கே 503 வரும். அதைக் கர்ல் தனி மாறியில் வைத்திருக்கும், சாதாரண கோட் 000 என்று காட்டும். ஆனால் டீஃபால்ட் கான்ஃபிக்கில் கனெக்ட் 443-க்கு மட்டும்தான் அனுமதி. ஆகவே எச்டிடிபிஎஸ் சோதனைக்கு டிராப் விதியை 443-இல் வையுங்கள், இல்லையென்றால் 403-தான்.

கூடவே ப்ராக்ஸியில் டிசிபிடம்ப் ஓடவிட்டு அந்த முகவரிக்குப் போகும் சின்களை எண்ணுங்கள். 0, 1, 3, 7 விநாடிகளில் நான்கு வரி, பத்தாவதில் அமைதி. அப்படி வந்தால் கனெக்ட்_டைம்அவுட் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பிறகும் சின்கள் தொடர்ந்தால் யாரோ முன்பு கனெக்ட்_ரீட்ரைஸ் மதிப்பை ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதன் டீஃபால்ட் 0, அப்படியே இருக்கட்டும்.

லாகில் நிரந்தரமாகப் பார்க்க வேண்டுமென்றால் லாக்ஃபார்மட்டில் மூன்று புலம் சேருங்கள்: மொத்த டிஎன்எஸ் நேரம், சர்வர் பக்க மொத்த நேரம், எரர் கோட். குறியீடுகள் உபுண்டுவின் ஸ்க்விட்.கான்ஃப் கோப்பிலேயே அந்தக் கட்டளைக்கு மேலே விளக்கமாக இருக்கின்றன. பிறகு எந்தக் கடிகாரம் என்று ஊகிக்க வேண்டியதில்லை, கனெக்ட் ஃபெயிலா ரீட் டைம்அவுட்டா டிஎன்எஸ் ஃபெயிலா என்று வரியிலேயே எழுதியிருக்கும்.

---

மணிக்கூண்டு

மாத்தினதும் முதல்ல ஸ்க்விட் மைனஸ் கே பார்ஸ், பிழை இல்லேன்னா ஸ்க்விட் மைனஸ் கே ரீகான்ஃபிகர். ரீஸ்டார்ட் வேண்டாம். ரீஸ்டார்ட் பண்ணினா ஷட்டவுன்_லைஃப்டைம் டீஃபால்ட் 30 விநாடிக்கு, இருக்கிற இணைப்புகள் முடியட்டும்னு காத்திருக்கும், அந்த நேரம் புதுசா யாரையும் ஏத்துக்காது. 150 பேரும் போன் பண்ணிடுவாங்க. ரீகான்ஃபிகர்ல புது மதிப்பு புது இணைப்புகளுக்குத்தான். ஏற்கெனவே தொங்கிட்டிருக்கிற டனல் பழைய கடிகாரத்துலயே ஓடி முடியலாம். அதனால மாத்தின உடனே வர்ற 60,000 வரிகளைப் பார்த்து வேலை செய்யலேன்னு நினைச்சுடாதீங்க.

குயிக்_அபார்ட்_மின் மைனஸ் 1னு உங்க கோப்புல எங்கேயாவது இருக்கான்னும் தேடுங்க. பழைய வழிகாட்டிகள்லேர்ந்து ஒட்டியிருப்பாங்க. அது இருந்தா பயனாளி ஸ்டாப் அழுத்தின பிறகும் கேஷ் செய்யக்கூடிய கோரிக்கைகளை ஸ்க்விட் விடாம இழுத்துக்கிட்டே இருக்கும். டீஃபால்ட் 16 கேபிக்கே விடுங்க.